கறுத்தால் விஷம், வெளுத்தால் அமுதம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் தொடங்கிய கூட்டம் தெருமுனை திரும்பியும் முடியவில்லை. எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பாத்திரம். பசிக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வீட்டுச் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று அடுத்தவனைக் கேட்க வந்த அறிவாளிகள்!

உள்ளே வீற்றிருந்தவர் துளியார். ரொட்டியை நீட்டினால் ஒரு குப்பியிலிருந்து ஞானத்துளி சொட்டுவார். ரொட்டி கருநீலமாகும். "விஷம்!" என்பார். கூட்டம் அலறும். அடுத்த குப்பியிலிருந்து அமுதத்துளி. கறுப்பு மறைந்து ரொட்டி பழையபடி வெளுக்கும். ஆனால் அமுதம் காணிக்கை தந்தவருக்கு மட்டும். தர வழியில்லாதவர்கள் நல்ல ரொட்டியை வாசல் தொட்டியில் எறிந்துவிட்டுப் பசியோடு போனார்கள். அதைத் தின்ற தெருநாய்கள் கொழுகொழுவென்று ஆயின. நாய்களுக்கு விஷம் ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது!

தையல் ஆலைக் கேன்டீன்காரர் துளியாரின் முதல்தர பக்தர். முந்தின நாள் மிஞ்சிய இறைச்சியை அங்கே கொண்டுபோனார். துளி விழுந்தது. கறுக்கவில்லை. "பரிசுத்தம்!" என்றார் துளியார். அப்புறம் என்ன?

"இவர் இருக்கும்போது நமக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு?" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார் கேன்டீன்காரர்.

மூன்றாம் நாள் பத்தொன்பது பேர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அதில் ஒருத்தி அவர் மனைவி.

மனைவியின் தங்கை உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். கண் திறக்க முடியாமல் கிடந்த அக்காவைப் பார்த்தாள். அழவில்லை. நேரே கேன்டீனுக்குப் போய் மிச்ச இறைச்சியை டப்பாவில் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, அதில் ஒரு துணுக்கை வைத்துக் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை அக்கா புருஷனிடம் காட்டினாள்.

"மாமா, இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு கிருமிக் கூட்டம். சமைச்ச இறைச்சியை ராத்திரி முழுக்க வெளியில வெச்சா இப்படித்தான் பெருகும்."

"ஆனா கறுக்கலையேம்மா!"

"வாங்க, அவர்கிட்டயே கேட்டுடலாம்."

துளியார் முன்னால் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். முதலாவதில் அன்று காலை வேகவைத்த உருளைக்கிழங்கு. துளி பட்டதும் கறுத்தது.

"கொடிய விஷம்!"

அடுத்தது இறைச்சி. கறுக்கவே இல்லை.

"பரிசுத்தம்!"

அவள் கிழங்கில் துளி படாத பாதியைப் பிட்டு வாயில் போட்டாள்.

"உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றாள். "இப்ப நீங்க அந்த இறைச்சியைச் சாப்பிடுங்க. பத்தொன்பது பேரைப் படுக்க வெச்ச அதே இறைச்சி."

துளியாரின் முகம் வெளிறியது. "இன்னைக்கு நான் விரதம்..."

"எம் பொண்டாட்டி விரதம் இருக்கலையே!" என்று கேன்டீன்காரர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "வாயைத் திறய்யா!"

"விடுங்க மாமா. இதைப் பாருங்க." பையிலிருந்து, காயத்துக்குப் போடும் அயோடின் பாட்டிலை எடுத்தாள். பக்கத்தில் நின்றவரின் ரொட்டியில் ஒரு சொட்டு விட்டாள். அதே கருநீலம்! "மாவுச்சத்து இருக்கிற எதுல விட்டாலும் கறுக்கும். கிருமியைப் பத்தி இதுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். கறுப்பு மெல்ல மறைந்தது. "அமுதமும் தயார்!"

கூட்டம் துளியாரைப் போலீஸ் வரும்வரை நகரவிடவில்லை. ஒருவர் மட்டும் பயபக்தியோடு அவளருகே வந்தார்.

"அம்மா, அந்தப் பாட்டிலை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கட்டுமா?"

"பாட்டில் கிடக்கட்டுங்க. கழுத்துக்கு மேல என்ன இருக்குன்னு தொட்டுப் பாருங்க. ஏதாவது தட்டுப்பட்டா, இனிமேலாவது உபயோகிங்க!"