ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றது நான்தான்

அன்பும் மரியாதையும் மிக்க க்ளெனிஸ் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் டாம்சின் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நாய் எல்லோரும் சுகம். நீங்களும் காலின் மாமாவும் சுகம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் எங்கள் சலவை அறை ஜன்னலிலிருந்து உங்கள் வீட்டு விளக்கு தெரிகிறது, இப்போதுதான் அணைத்தீர்கள். நான் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. எழுத்து நடுங்கியிருந்தால் மன்னிக்கவும். பயத்தில்தான் நடுங்குகிறது. இயந்திரம் ஓடவில்லை.

நாளை புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி நூலகத்தில் நிர்வாகக் குழு கூடுகிறது. தலைவர் நீங்கள். பேச்சுப் பயிற்சி தரும் மெரின் மிஸ்ஸை இனி நம் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று கல்வித் துறைக்கு எழுதப் போகிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள் அத்தை. நடந்தது எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம், அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்துப் பார்த்து, வாயால் முடியாமல், கடைசியில் காகிதத்துக்கு வந்திருக்கிறேன்.

நீங்கள் மெரின் மிஸ்ஸை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறீர்கள், நான் ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வருகிறார். பள்ளியில் அவருக்கென்று அறை கிடையாது, விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் கிடங்கைத்தான் கொடுத்திருக்கிறார்கள், அங்கே கிரிக்கெட் கால்கவசங்கள் நாறும். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பந்து விழுந்து, உருண்டு, கதவைத் தாண்டி, படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கிப் போனது. நான் பெயரை முடித்தபோது அது மைதானத்தின் நடுவில் இருந்தது. மிஸ் பந்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வேறு வேலையே இல்லாதவர் மாதிரி. சின்ன வகுப்பில் ஆட்ரி என்று ஒரு குழந்தை இருக்கிறாள், பள்ளியில் ஒரு வார்த்தை பேச மாட்டாள், எப்போதும் மேசைக்கு அடியில்தான் இருப்பாள். மிஸ்ஸும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். மூன்று புதன்கிழமை, ஒன்றும் பேசாமல். தலைமை ஆசிரியர் ஃபிட்ஸ்னர் வந்து எட்டிப் பார்த்து, "மிஸ், ஏதாவது தேடறீங்களா?" என்று கேட்டாராம். நான்காவது தடவை ஆட்ரி, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். மிஸ் தள்ளி உட்கார்ந்துகொண்டார், அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "திக்கறது ஒரு தப்பே இல்ல டாம்சின். திக்கிடுவோமோன்னு பயந்து நீ பேசாமலே இருக்கே பாரு, அதுதான் உன்னைத் தின்னுது." பிறகு ஓர் ஏணி வரையச் சொன்னார். பேசுவதற்குக் கொஞ்சம் பயமான இடத்தைக் கீழ்ப்படியில் எழுத வேண்டும், மிகவும் பயமான இடத்தை உச்சிப்படியில். கீழே நாயை எழுதினேன். அப்புறம் நூலகம், பேக்கரி, பேருந்து ஓட்டுநர் என்று ஏறிக்கொண்டே போய், ஒன்பதாவது படியில் ஃபிட்ஸ்னர் சாரை வைத்தேன். பத்தாவது படியில் உங்கள் மீன் கடை. கடை என்று எழுதியது மரியாதைக்காகத்தான் அத்தை. நீங்கள்தான் அது.

கோபப்பட வேண்டாம். உங்களுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். நான் கல்லாவுக்கு முன்னால் வந்து வாயைத் திறப்பேன், பின்னால் வரிசை நிற்கும், எண்ணெய் கொதிக்கும், நான் படும் பாட்டை உங்களால் பார்க்க முடியாது, உடனே நீங்களே, "கணவாய்தானே கண்ணு? தெரியும், தெரியும், அத்தைக்குத் தெரியாதா" என்று ஒரு பெட்டி கட்டிக் கையில் கொடுத்துவிடுவீர்கள். நான்கு வருஷமாக வாங்கிக்கொண்டு போகிறேன். எனக்குக் கணவாய் பிடிக்காது. நாய்க்கும் இப்போதெல்லாம் பிடிப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் மிஸ் என்னை உங்கள் கடைக்குக் கூட்டி வந்தார். வெளியே போய்ப் பழகலாம் என்று அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார், எங்கே என்பது அம்மாவுக்குத் தெரியாது. கடை வாசல் வரைதான் வந்தேன். ஐஸ் மூட்டை விற்கும் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மிஸ் குனிந்து, "சரி, முதல்ல நான் போறேன். வேணும்னே திக்கப் போறேன், உன்னைவிட மோசமா. நீ இங்கிருந்து எட்டிப் பாரு. எத்தனை பேர் செத்துப் போறாங்கன்னு எண்ணிட்டு இரு" என்றார்.

நீங்கள் அன்று அவரைப் பார்த்தீர்கள், நான் உங்கள் இருவரையும் பார்த்தேன். அவர் இரண்டு கிழங்கான் மீனும் சிப்ஸும் கேட்க வேண்டும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நீங்கள், "கணவாயா?" என்றீர்கள். அவர் தலையை ஆட்டினார். "சுறாவா? இறாலா? சிப்ஸ் மட்டுமா? கழிப்பறை பின்பக்கம் இருக்கு, அதுவா?" வரிசையில் நின்ற ட்ரெவர் அண்ணன், "பர்கரா இருக்கும் க்ளெனிஸ்" என்று எடுத்துக் கொடுத்தார். நீங்கள் பென்சிலும் காகிதமும் நீட்டினீர்கள், காது கேட்காதவரிடம் பேசுவது போலச் சத்தமாக, "அவசரமில்லம்மா, எழுதிக்கூடக் காட்டலாம்" என்றீர்கள். மிஸ் பென்சிலை வாங்கவில்லை. அவ்வளவு பேர் பார்க்க, முகம் சிவந்து, கண்ணை எடுக்காமல் நின்று, கிழங்கான் என்பதைக் கடைசி எழுத்து வரை தானே சொல்லி முடித்தார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கேட்டவருக்கு நான்கு மீன் வைத்துக் கொடுத்தீர்கள்.

வெளியே வந்து, "எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்டார். "யா-யா-யாரும் இல்ல" என்றேன். "கூட ரெண்டு மீன் வந்திருக்கு டாம்சின், இது சரியில்ல. உள்ளே போய் விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று திரும்பினார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். சொன்னால் நான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நிற்பது உங்களுக்குத் தெரியும், உச்சிப்படியில் யார் என்பதும் தெரிந்துவிடும். மிஸ் என் பக்கம் திரும்பினார். "சரி. இது உன் விஷயம். நீயா சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அத்தை, அந்த ஒரு வாக்குதான் இப்போது அவரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் மறுநாளே தபால் அலுவலகத்தில் உங்களுக்கு மீன் வாங்க வந்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. பேசவே முடியாத ஒருவரைப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க அனுப்பியிருக்கிறார்கள், இந்த ஊர் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று ஃபிட்ஸ்னர் சாருக்கு இரண்டு பக்கம் எழுதினீர்கள். அவர் பயந்து போய் மிஸ்ஸை வரவழைத்தார். போன வியாழக்கிழமை குழுவின் முன்னால் மிஸ் நின்று பத்து நிமிஷம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி பேசினாராம். அம்மா டீ கொடுக்கப் போயிருந்தார், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதை நான் தட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அவர் நன்றாகப் பேசப் பேச உங்கள் முகம்தான் மாறிக்கொண்டே போனதாம்.

"அப்போ அன்னைக்கு என் கடையில நடந்தது என்ன?"

"வேணும்னேதான் திக்கினேன், மிஸஸ் ஹார்னி. ஒரு பிள்ளையோட பயிற்சிக்காக. கூடக் கொடுத்த மீனுக்கு அன்னைக்கே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும், அது என் தப்புதான்."

"எந்தப் பிள்ளை? நீங்க தனியாத்தானே வந்தீங்க?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"என் தம்பி மக திக்கித் திக்கி உசிரை விடறா. நீங்க அதை நடிச்சுக் காட்டி, எங்களைப் பரிதாபப்பட வச்சு, மீனையும் வாங்கிட்டுப் போறீங்க. இதுக்குப் பேர் பயிற்சியா?"

எனக்காகத்தான் அவ்வளவு கோபப்பட்டீர்கள். அதைக் கேட்டதும் ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அம்மா, "நீ போய்ப் படு, பெரியவங்க விஷயம்" என்றார். மிஸ் அப்போதும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும்.

உங்களிடம் சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. சனிக்கிழமை கடைக்கு வந்தேன். "மெ" என்று ஆரம்பித்ததும் கணவாய்ப் பெட்டி கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன், காலின் மாமா எடுத்தார், எனக்கு முதல் சத்தமே வரவில்லை, மாமா, "க்ளெனிஸ், எவனோ மூச்சு மட்டும் விடறான்" என்று வைத்துவிட்டார். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை, "டேய், உன் நம்பரைப் போலீஸ்ல கொடுக்கப் போறேன்" என்றார். திங்கட்கிழமை காவலர் உங்கள் வீட்டு வாசலில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், யாரைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். இன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் தூண்டில் இரை வெட்டிக்கொண்டிருந்தார். "சொல்லும்மா, சொல்லு, கேட்டுட்டே இருக்கேன்" என்றார், பாதியில் அலை ஏறிவிட்டது என்று படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிஸ்ஸுக்குப் பதிலாகக் கணினித் திரையில் ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார் என்று நீங்கள் யோசனை சொல்லியிருக்கிறீர்களாம். நம் ஊரில் காற்று அடித்தால் இணையம் நின்றுவிடும், நான் திக்குகிறேனா இணையம் திக்குகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு திரையில் இருப்பவரால் ஆட்ரியின் மேசைக்கு அடியில் உட்கார முடியாது. பயப்படாதே என்று எனக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள் அத்தை. நான் பயப்படும் இடத்துக்கு எனக்கு முன்னால் போய், நான் படும் வெட்கத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு வந்து காட்டியவர் அவர் ஒருவர்தான். அவரை அனுப்பிவிடாதீர்கள். தண்டனை வேண்டுமென்றால் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தவளுக்குக் கொடுங்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும், கடையில் எப்போதும் வரிசை நிற்கட்டும். மாமாவுக்கு என் வணக்கத்தையும் மன்னிப்பையும் சொல்லவும், காவலருக்கு மாமாவே சொல்லிவிடட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
டாம்சின்

பின்குறிப்பு: முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எங்கேயும் திக்கவில்லை. அதுதான் தப்பாகத் தோன்றுகிறது. நாளைய கூட்டத்தில் இதை நீங்கள் கணீரென்று வாசிப்பீர்கள், எல்லோரும் பாவம் பிள்ளை என்பார்கள், இந்தத் தடவையும் என் பேச்சை நீங்களே பேசி முடித்ததாக ஆகிவிடும். அதனால் மேலே உள்ளது எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. கத்தரிக்கோல் எடுத்து வந்துவிட்டேன். இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் வெட்டி, காலையில் உங்கள் கடைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பள்ளிக்குப் போவேன்.

– – – – – – – – – –

அத்தை, இன்று நான்கு மணிக் கூட்டத்தில் மெரின் மிஸ்ஸைப் பற்றிப் பேச எனக்கு நேரம் வேண்டும். மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆவது எனக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். நடுவில் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், நீங்களும்தான். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. வருகிறேன். டாம்சின்.