சளி டாக்டர்

கள்ளக்குறிச்சியிலேயே சளி பிடித்து ஆள் செத்ததாகக் கணக்கு இருப்பது ஒரே ஒரு டாக்டர் பெயரில்தான். எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘சளி டாக்டர்’ என்றே பெயர். நான் அங்கே பதிவு கவுண்டரில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன்.

நிர்வாகம் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டது. நோய் எவ்வளவு சிக்கல் என்று பார்த்து அது மார்க் போடும். சளிக்கு ஒன்று, பாம்புக்கடிக்குப் பத்து. ஒரு டாக்டருக்கு அன்றைய மார்க் நிரம்பிவிட்டால் அடுத்த ஆளை இன்னொருவருக்கு அனுப்பிவிடும். எல்லாருக்கும் சமமான வேலை. மற்ற டாக்டர்கள் குளிர்ந்துபோனார்கள். இவர் மட்டும் கொதித்தார்.

தன்னிடம் வரும் சிக்கலான கேஸையெல்லாம் சளி என்று போடச் சொல்வார். டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி கம்ப்யூட்டரும் மேலே மேலே ஆள் அனுப்பும்.

“சார், பாம்பு கடிச்சவருக்குச் சளின்னு போட்டா எப்புடிங்க?”

“பயத்துல மூக்கு ஒழுவுது பாரு. போடுய்யா.”

காரணம் இல்லாமல் இல்லை. மற்ற டாக்டர்கள் கொஞ்சம் பயந்தாலும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிடுவார்கள். “மலைலேர்ந்து எறங்கி வர்றதுக்குள்ளயே பாதி உசுரு பூடுது. மீதிய நாம வண்டில ஏத்தி அனுப்பிக்கினு இருக்கறோம்” என்பார்.

கம்ப்யூட்டர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருமுறை வேலை மிகுந்துபோய், இவர் வடக்கனந்தல்காரர் ஒருவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே தூங்கிப்போனார். அந்த மனிதர் மரியாதைக்காக மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசி ரிப்போர்ட்டில் குட்டு உடைந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்.

“சளிக்கு எப்படி சார் மூணு பேரு செத்தாங்க?”

“முத்துன சளிங்க.”

அன்றோடு நோயின் பெயரையும் டாக்டர் பெயரையும் கவுண்டரில் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

அந்த வாரமே வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். சாமை அறுக்கும்போது நல்லபாம்பு கடித்திருந்தது. இவருக்கு மார்க் நிரம்பியிருந்ததால் கம்ப்யூட்டர் அவளைச் சின்ன டாக்டருக்கு அனுப்பியது. அவர் விஷமுறிவு ஊசியைப் போட்டுவிட்டு, பயந்துபோய் சேலத்துக்கு எழுதினார். வார்டிலிருந்து இவர் ஓடி வந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் தன் கையாலேயே மூச்சுப் பையை அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுத்திருக்கிறார். ஆத்தூர் வரைக்கும்தான் கொடுக்க முடிந்தது.

உடம்பை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுநாள் மதியம் வந்தார். சட்டையெல்லாம் மண். நேராக என் கவுண்டருக்குத்தான் வந்தார்.

“அந்தப் பொண்ணு சாவு யாரு பேர்ல இருக்குது?”

“யாரு பேர்லயும் இல்லீங்க. சேலத்துக்கு அனுப்பினதாத்தான் இருக்குது.”

“என் பேர்ல போடு. பாம்புக்கடின்னே போடு.”

“பூட்டிட்டாங்க சார். என்னால முடியாதுங்க.”

எதிரில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த மனுஷன் பட்டினியாக உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.