தூத்தாலேர் என்றால் எப்போது?

பஸ் எப்போது வரும் என்பதில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத ஏஜெண்டு, கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் சொன்னது யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம்.

சின்னமனூரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த அவரை ஊரே தூத்தாலேர் என்றுதான் அழைத்தது. முதல் யுத்தத்தின்போது பிரான்சில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து இந்தப் பிரெஞ்சு வார்த்தை. "தேனி பஸ் எப்பண்ணே?" என்று கேட்டால், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தூத்தாலேர்" என்பார். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பிய கோம்பைக்காரி ஒருத்தி, அது தூத்துக்குடிப் பக்கத்து ஊர் என்று நினைத்துவிட்டாள். "அங்கன எனக்கு என்னய்யா சோலி? வீரபாண்டிக்குக் குடும்" என்று சண்டைக்கே போனாள்.

நான் சின்னமனூரிலிருந்து தினமும் தேனிக்குப் போய்வந்த பஞ்சு மில் குமாஸ்தா. ஒரு நாள் அந்த வார்த்தையை நம்பி ஒன்றரை மணி நேரம் நின்றேன். பஸ் எப்போதோ போயிருந்தது.

"வரும்னுதானே சொன்னீக?"

"எங்க சொன்னேன்? இப்பத்தான் போச்சுன்னாலும் தூத்தாலேர், இந்தா வருதுன்னாலும் தூத்தாலேர். பிரான்சுல பால்காரம்மா இதத்தான் சொல்லும். ஒரு நாள் கறந்துக்கிட்டிருக்கும், ஒரு நாள் பால் தீந்திருக்கும்."

"அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?"

"கூட வர்ற வார்த்தைய வச்சுத் தெரிஞ்சுக்கிருவாக. எனக்குத்தான் வேற வார்த்தை தெரியாதே தம்பி."

அடுத்த யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கின. அவருடைய ஒரே மகன் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனான். காணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. யுத்தம் முடிந்தும் ஆள் வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்த்துவிட்டுத்தான் அவர் டிக்கெட் புத்தகத்தைத் திறப்பார்.

ஆறுதல் சொல்லத் தெரியாத நான் ஒரு மாலை, "கவலப்படாதீகண்ணே. மகன் தூத்தாலேர்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்கு அந்த வார்த்தை வேணாம் தம்பி. அதுல போனதும் இருக்கு. வருவான்னு தமிழ்லயே சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வந்துருவான்ணே" என்றேன்.

அப்புறம் பஸ் எப்போது என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இறங்குகிற முகங்களை அவரோடு சேர்ந்து பார்ப்பேன்.

அவரும் போய் வெகுநாளாகிவிட்டது. சின்னமனூரில் பஸ் வந்து நின்றால், கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் இன்றும் ஏறுகிறேன்.