காபாஸுக்கு மூன்று கட்டுக் கொத்தமல்லி

கிள்ளான்,
வியாழக்கிழமை

பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அகமது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் ஜெய்னம்பும் மகன் அம்மாரும், எல்லாருக்கும் மேலாக முயல்குட்டியும், நல்ல சுகம். பந்திங்கில் நீங்களும் தங்கச்சி ஷைமாவும் மருமகள் ஹுமைராவும் சுகமாக இருப்பீர்கள், பெயிண்ட் அடிக்க வந்தவன்தான் இன்னும் முடித்திருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போன் பாதி நேரம் ஹுமைரா கையில் இருக்கிறது. இது பெரியவர்கள் விஷயம். ஆகவே காய்கறி லோரியில் பந்திங் வரும் ஜெயராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

முதலில் பழைய கதையைப் பேசித் தீர்த்துவிடுவோம். போன வருஷம் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளையின் முதல் முயலுக்கு நான் ஒரு கை நிறையக் கங்குங் கீரை கொடுத்தது உண்மை. மறுநாள் அதற்கு வயிற்றால் போனதும், அதற்கும் மறுநாள் அது மௌத்தாகிப் போனதும் உண்மை. அஜல் வந்து ஆயுசு முடிந்தால் கங்குங் என்ன செய்யும், மச்சான்? ஆனால் அன்றிலிருந்து ஹுமைரா என் வீட்டு வாசலுக்கு வந்தாலும் காரை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. பதினோரு வயசுப் பிள்ளை, நான் தோளில் தூக்கி வைத்துக் கடை முழுக்கக் காட்டின பிள்ளை. எனக்கு அது வலிக்கிறது. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பெயிண்ட் வாசம் ஆகாது என்று இந்தப் புது முயலை மூன்று வாரத்துக்கு எங்களிடம் விட்டீர்களே, அன்றைக்கு மட்டும்தான் இறங்கினாள். அப்போதும் உணவுப் பட்டியலை என் தோளுக்கு மேலே நீட்டி மாமியிடம்தான் கொடுத்தாள். ஜெய்னம்பு அதை ஐஸ்பெட்டியில் ஒட்டினாள். நானும் கண்ணாடி போட்டுப் படித்தேன். காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டுமாம். பச்சை இலை என்றால் ஒரு வகை, ஒரே ஒரு இலை, இரண்டு மூன்று நாள் வயிறு எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வகையாம். மச்சான், இது உணவுப் பட்டியலா, சிறைச்சாலை விதியா? முப்பத்திரண்டு வருஷம் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தி மகனிடம் விட்டவன் நான். தட்டு காலியானால் கேட்காமலே அடுத்த கரண்டி வைக்கிற கை இது. ஒரு இலையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது.

அதனால் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கங்குங்கை மட்டும், பிள்ளையின் மனசுக்காக, அறவே நீக்கிவிட்டேன். காலையில் மோட்டார் சைக்கிளில் பாசாருக்குப் போய் முதல் நாள் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வந்து, கழுவித் துடைத்து, கூண்டில் இருந்த தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, அம்மார் கல்லாவில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்கக் கடைக்குப் போனேன். மதியம் வந்து பார்த்தால் தட்டு துடைத்துவிட்டது மாதிரி காலி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் இரண்டு கட்டு. அதுவும் காலி. மூன்றாம் நாள் கொத்தமல்லியோடு புதினா, அப்புறம் சாவி கீரை, துளசி, முருங்கை. வைக்க வைக்கக் காலி. என் கடையில் சாப்பிட்ட லோரிக்காரர்கள்கூட இவ்வளவு நேர்மையாகத் தட்டைக் காலி செய்ததில்லை.

பாசாரில் கீரை விற்கிற அமுதவள்ளி என் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டுகள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, “என்னா அங்கிள், திரும்பக் கடைக்கு வந்துட்டீங்களா? சொல்லவே இல்ல” என்றாள்.

“கடைக்கு இல்ல லா. முயலுக்கு.”

“எத்தன முயலு?”

“ஒண்ணுதான்.”

“முயலா, மாடா அங்கிள்?” என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுச் சொன்னாள். நான் பொருட்படுத்தவில்லை. விஷயம் தெரியாதவர்களிடம் எதற்கு வாய் கொடுப்பது?

இடையில் ஒரு சின்ன அசம்பாவிதம். தட்டை நிரப்பிய வேகத்தில் கூண்டுக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, காபாஸ் வெளியே போய்விட்டது. (பஞ்சு மாதிரி வெள்ளை என்று ஹுமைரா மலாயில் பெயர் வைத்திருக்கிறாளே, அந்தப் பெயரைத்தான் வீடு முழுக்கக் கத்தினேன்.) ஒரு கொத்துப் புதினாவோடு சோபாவுக்கு அடியில் புகுந்தேன். புகுந்தது வரை சுலபம். வெளியே வரத்தான் தோள் இடித்தது. அந்த நேரம் பார்த்து, மிளகாய்த்தூள் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் புனிதா என் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, “ஐயோ ஆன்டி, அங்கிள் விழுந்துட்டாரு!” என்று அலற, ஜெய்னம்பு ஒரு காலும் அவள் ஒரு காலுமாகப் பிடித்து இழுத்தார்கள். காபாஸ் நான் தொழுகிற முசல்லா விரிப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. புதினாவை நீட்டினேன், இரண்டே இலை கொறித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையிலேயே இரண்டு கட்டு உள்ளே போயிருக்கிறதே, பாவம், எப்படித் தின்னும்?

இதில் எனக்கு ஒரே ஒரு குறை, அது ஜெய்னம்பு பற்றியது. நான் முயலுக்கு உழைக்கிறேன், எனக்கோ இந்த மூன்று வாரமாக வீட்டில் கறி கண்ணில் படவில்லை. கொத்தமல்லி ரசம், புதினாத் துவையல், கீரைக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல். ஆயிரம் ஆட்டுத் தலையைக் கண்ட மனுஷனுக்கு இது சாப்பாடா? “ஏம்மா, நான் என்ன முயலா?” என்று கேட்டேன். “பேசாம சாப்பிடுங்க, அதுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்ல” என்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ரத்தம் பார்த்த டாக்டர், கொழுப்பும் குறைந்திருக்கிறது, சர்க்கரையும் குறைந்திருக்கிறது, எப்படி என்று கேட்டார். பாசாருக்குப் போய்வருகிற அலைச்சல் என்று சொன்னேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். என் பேச்சை ஹுமைரா நம்ப மாட்டாள், எழுத்திலேயே வாங்கிவிடுவோம் என்று அம்மார் காரில் காபாஸைக் கால்நடை டாக்டர் மாதவியிடம் கொண்டுபோனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், எடை போட்டார். “ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். அவசரப்படாம பக்குவமா பாத்திருக்கீங்க. தினம் பச்ச எவ்ளோ குடுக்கிறீங்க?”

“காலைல மூணு கட்டு.”

“மூணு இலையா?”

“கட்டு லா, டாக்டர்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், முயலைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். “மூணு மாசக் குட்டி, அங்கிள். மூணு கட்டு தின்னிருந்தா இப்படி உக்காந்திருக்காதே.”

“அதான் நம்ம கை ராசி” என்றேன். அம்மாருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ‘முயல் முழு ஆரோக்கியம்’ என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகவே மச்சான், சனிக்கிழமை முயலை எடுக்க வருகிறபோது பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் மாமாவுக்குக் குட்டி வளர்க்கத் தெரியும். போன தடவை நடந்தது விதி, இந்தத் தடவை நடந்தது திறமை. காரிலேயே உட்கார்ந்திருக்காமல் இறங்கி உள்ளே வரச் சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஷைமாவுக்கு என் சலாமைச் சொல்லவும். மருமகளுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த கல்வியையும் அல்லாஹ் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ஜாபர் அலி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஜெயராஜைத் தேடிக் கிளம்பியவன், கண்ணாடியை மறந்து பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினேன். ஜெய்னம்பு கூண்டு முன்னால் குந்தியிருந்தாள். நான் காலையில் வைத்த மூன்று கட்டையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கொத்தமல்லி இலையைத் தட்டில் வைத்து, “ஒனக்கு இவ்ளோதான் வாப்பா, மிச்சம் மாமாவுக்கு” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தாம். அம்மாருக்கும் தெரியுமாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஹுமைராதானாம். வந்து விட்டுப்போன அன்று ராத்திரியே போன் பண்ணி, “மாமி, மாமா எப்படியும் நெறைய வைப்பாரு. வெக்காதீங்கன்னு சொல்லாதீங்க, மாமா மூஞ்சி சின்னதாப் போயிரும். அவரு போனப்புறம் எடுத்துருங்க” என்றாளாம்.

மேலே எழுதிய எதையும் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், மச்சான். டாக்டர் காகிதத்தை மட்டும் அவள் கையில் கொடுங்கள், அது அவளுடையது. இன்றைக்கு மதியம் கீரைக் கடைசலை ஒன்றும் சொல்லாமல் வழித்துச் சாப்பிட்டேன். தட்டு காலியானதும், நான் கேட்காமலே ஜெய்னம்பு இன்னொரு கரண்டி வைத்தாள்.