எச்சில் இலையும் எட்டு டெராபைட்டும்

ஒழுங்கான மனிதனால் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. ஆபத்து வருவதை நாள் தவறாமல், அழகான கையெழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு, வேறெதுவும் செய்யாமல் இருப்பது. அதை நான் செய்திருக்கிறேன்.

புதுமடம் பக்கம் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினிகளுக்கு நான்தான் பொறுப்பு. எல்லாப் பிரிவுகளின் கோப்புகளும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. அதில் இருந்த இடம் எட்டு டெராபைட். நானோ ஐந்து பிரிவுகளுக்கும் தலைக்கு நான்கு என்று, இருபது இருப்பதாகக் கணக்கில் காட்டியிருந்தேன். இதற்குத் தின் ப்ரொவிஷனிங் என்று பெயர். (முதலாளி ஹமீது பாய் மோசடி என்றுதான் முதலில் நினைத்தார்.)

"பாய், எங்க கடலாடியில கிடாவெட்டுக்கு ஐந்நூறு பேரைக் கூப்பிடுவோம். இலை போட இடம் இருநூறு பேருக்குத்தான். எல்லாரும் ஒண்ணாவா வருவாக?"

"வந்துட்டா?"

"வரமாட்டாக பாய்."

வந்தார்கள். குளிர் அறைகளில் புதிதாக மாட்டிய கேமராக்கள் ஓயாமல் பதிந்து தள்ளின. தினமும் காலை ஒன்பது பத்துக்கு, பெட்டி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று டைரியில் எழுதுவேன். எழுபத்தொன்று. எண்பத்து நான்கு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூறைத் தாண்டியதும் சிவப்பு மைக்கு மாறினேன். (நான் எடுத்த ஒரே நடவடிக்கை.) எச்சரிக்கை மின்னஞ்சலை, அதுதான் கையால் எழுதுகிறேனே என்று, முன்பே நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு நூறு ஆனது. பேக்கிங் கூடத்தில் லேபிள் அடிப்பது நின்றது. வாசலில் நண்டு ஏற்ற வந்த கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குள் அது கிளம்பாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும்.

"கப்பல் போச்சுன்னா முருகேசா, அம்புட்டு நண்டையும் நீதாப்பா உக்காந்து திங்கணும்" என்றார் பாய்.

நான் தளரவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிரிவு பிரிவாகப் போய், வேண்டாததையெல்லாம் அழிக்கச் சொன்னேன். பழைய கேமராப் பதிவுகளை நானே அழித்தேன். நூறு. விழாப் புகைப்படங்கள் போயின. நூறு. முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று என் சொந்தக் கோப்புறையைத் திறந்தேன். (அலுவலகப் பெட்டியில் சொந்தக் கோப்பு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியவனும் நானே.) உள்ளே என் பதினோரு வருட டைரிகள், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. நோட்டுகளை எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. வீட்டில் எந்தச் சண்டையிலும் தேதி, நேரத்தோடு என்னை ஜெயிக்க வைத்த டைரிகள். கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். திறந்தேன்.

நூறு.

லேபிளுக்காகக் காத்திருந்த பேக்கிங் சூப்பர்வைசர் ராக்கம்மாள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பந்திக் கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். (யாரிடம்தான் சொல்லவில்லை?)

"எல்லாரும் தின்னுட்டு எந்திரிச்சுட்டாகல்ல அண்ணே?"

"ஆமா."

"எச்சி இலைய எடுத்தீகளா? இலை கெடந்தா அடுத்த ஆளு எங்கன உக்காருவாக?"

சிரிக்கத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். கோப்புகளை அழித்தது, அவற்றைக் கையாளும் சர்வருக்குத்தான் தெரியும். ஸ்டோரேஜ் பெட்டிக்குத் தெரியாது. காலியான இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்று அதற்குத் தனியாகக் கட்டளை இட வேண்டும். பயிற்சியில் கற்றதுதான். டைரியில் எழுதி, அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். (எந்த டைரியில் என்று கேட்காதீர்கள்.)

கட்டளை கொடுத்தேன். தொண்ணூற்றெட்டு. தொண்ணூறு. எண்பத்தொன்றில் நின்றது. ஏறக்குறைய அவ்வளவும் கேமராப் பதிவுகள் விட்ட இடம். என் பதினோரு வருடங்களின் பங்கைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுதாக ஒரு சதவீதம்கூட வரவில்லை.

லேபிள்கள் பறந்தன. ராக்கம்மாளின் ஆட்கள் ஒட்டி முடிக்க, இரண்டு ஐம்பத்திரண்டுக்கு லாரி கிளம்பியது. இப்போது எச்சரிக்கை மூன்று பேருக்குப் போகிறது. பாயின் உத்தரவுப்படி அதில் ஒருவர் ராக்கம்மாள். எண்பத்தைந்தைத் தொட்டால் போதும், போன் வந்துவிடும்: "அண்ணே, பந்தி நெறையுது!"

அதையாவது தாங்கலாம். வீட்டில்தான் முடியவில்லை.

"எங்க அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு வாரேன், வாரேன்னுட்டு வராமப் போன மனுசன்தானே நீங்க" என்று சொந்தக்காரர்கள் முன்னால் ஆரம்பிப்பாள் என் மனைவி செல்வி.

நான் போயிருந்தேன். மூன்றாவது பந்தி, கிழக்கு வரிசை, ஐந்தாவது இலை.

"அப்படியா?" என்பாள். "டைரியில காட்டுங்க."