என் எலக்ட்ரான்களைத் திருடிய மச்சினன்

மனைவியின் தம்பிமீது எழுத்து மூலம் திருட்டுப் புகார் கொடுத்தவன் தஞ்சாவூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். களவு போன பொருள்: எலக்ட்ரான்கள்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தேன். ஆய்வு பிளாஸ்மாவைப் பற்றியது. எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகத் திரியும் சூடான வாயு அது. நிஜ பிளாஸ்மாவுக்கு வசதி இல்லாததால் கணினிக்குள் ஒரு கற்பனைப் பெட்டியை அமைத்து, மின்னேற்றத் துகள்களை அதில் விட்டு, அவை ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று மென்பொருளில் பார்ப்போம். ஆய்வகத்தில் இருந்த ஒரே நல்ல கணினியை நானும் மச்சினன் இளங்கோவும் பகிர்ந்துகொண்டோம். (பேராவூரணிக்காரன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.)

காலை ஒன்பது பத்துக்கு ஒரு லட்சம் எலக்ட்ரான்களோடும் ஒரு லட்சம் அயனிகளோடும் தொடங்குவேன். மாலை நாலே முக்காலுக்கு எண்ணிக்கையை நாட்குறிப்பில் எழுதுவேன். முதல் நாள் எலக்ட்ரான்கள் எண்பத்தெட்டாயிரம். மறுநாளும் அப்படியே. கனமான அயனிகளில் சேதம் குறைவு. திருடன் பார்த்துப் பொறுக்குகிறான். அதே கணினியில் ஓடிய இளங்கோவின் பெட்டியிலோ ஒன்றுகூடக் குறையவில்லை.

எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். நம் வயல் காய்ந்து பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: எவனோ வரப்பை வெட்டியிருக்கிறான். படித்த இயற்பியல் ஒதுங்கி அந்தப் புத்திக்கு வழிவிட்டது.

விசைப்பலகையில் முகப்பவுடர் தூவி வைத்தேன். (என் கைரேகை மட்டுமே கிடைத்தது. 'கையுறை அணிகிறான்' என்று குறித்துக்கொண்டேன்.)

"என்ன இளங்கோ, உன் பெட்டி மட்டும் ரொம்பி இருக்கு?"

"நல்லாப் போயிட்டிருக்கு அத்தான்" என்று சிரித்தான்.

சிரித்த நேரம் 11.20. அதையும் எழுதினேன்.

அடுத்த நாள் எங்கள் இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியரிடம் நான்கு பக்கப் புகார் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை அவர் இளங்கோவின் கணினி அனுமதியை நிறுத்தினார். கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்ப அவனுக்கு ஆறு நாள்தான் இருந்தது. வீட்டில் மனைவி சாப்பாடு போட்டாள்; பேசவில்லை. அன்று மாலையும் எலக்ட்ரான்கள் குறைந்தன. 'கூட்டாளி உண்டு' என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் விசாரணை. ஆதாரமாக என் நாட்குறிப்பையே மேசையில் வைத்தேன். இளங்கோ முதல் பக்கத்தைத் திருப்பினான்.

"அத்தான், இது உங்க கையெழுத்துதானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"படிக்கிறேன் சார். 'பெட்டியின் ஓரங்கள் திறந்தே இருக்கட்டும். சுவரைத் தொடும் துகளைக் கணக்கிலிருந்து நீக்கவும்.' கீழ நேரம்கூடப் போட்டிருக்காங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உன் பெட்டி?"

"என்னோடதுல வலது பக்கமா போனா இடது பக்கமா உள்ள வந்துரும் சார். குறையவே குறையாது."

எடை குறைந்த எலக்ட்ரான்தான் வேகமாக ஓடி முதலில் சுவரைத் தொடும். (இதை நான் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.)

"ஏங்க, கதவ நீங்களே தொறந்து வச்சுட்டு மச்சினன் மேலயா பழி போடுறீங்க?" என்றார் பேராசிரியர்.

மீதமிருந்த மூன்று நாளும் கணினியை அவனுக்கே விட்டுவிட்டு, அவன் கட்டுரையை நான் தட்டச்சு செய்தேன். கெடு மாலை ஆறு மணி. ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினான். கட்டுரை தேறியது. அந்தச் செய்தி வந்த அன்றுதான் மனைவி, "காபி வேணுமா?" என்று வாய் திறந்தாள்.

மாமனார் மட்டும் இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு முறை பேராவூரணியிலிருந்து கிளம்பும்போதும் தேங்காய் மூட்டையைக் காரில் ஏற்றிவிட்டு, வீடே கேட்கும்படி சொல்வார்:

"மாப்ள, இங்கயே எண்ணிப் பாத்துக்குங்க. அப்பறம் எம் புள்ள மேல எழுதிக் குடுத்துராதீங்க."

அவர் முன்னால் நான் எண்ணுவதில்லை. (தஞ்சாவூர் வந்து எண்ணுவேன்.)