கோலியாத்தின் தொடை

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்க முடியாத பாவம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சாமியாரே முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த பாவம் அது. அவரிடமே போய் முழங்காலிட்டு எதைச் சொல்வது? "அன்னைக்கு நீங்களே பார்த்தீங்களே சாமி, அதுதான்" என்றா? பன்னிரண்டு வருடமாக அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற பாவங்களைச் சொல்லி வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.ஏ. வரலாறு, அதற்கு மேல் பி.எட். முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக் கிடந்தேன். (கரண்ட் இருந்தால் காற்று, இல்லாவிட்டால் வெறும் படுக்கை.) எங்கள் மாதா கோயில் நடத்தும் பங்குப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், ஜூனில் அந்த இடம் காலி என்று சேதி வந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அந்த வயதில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஓடிப்போய் ஃபாதரைப் பார்த்தேன்.

"மே மாசம் நம்ம சென்டர்ல பத்து நாள் சம்மர் கேம்ப்பு இருக்குதும்மா ஜெசிந்தா. நீயே எடுத்து நடத்து. கடைசி நாள் விழுப்புரத்துல இருந்து கரஸ்பாண்டன்ட் சிஸ்டர் வர்றாங்க. அவங்களுக்குப் புடிச்சிப் போச்சின்னா வேலை உனக்குத்தான்" என்றார்.

சென்டர் என்பது கோயில் சார்பில் எங்கள் காலனிக்குள் கட்டிய சமூகக் கூடம். (எங்கள் பக்கத்தில் மாதா கோயிலும் கோயில்தான்.) ஒரு பெரிய ஹால், ஒரு தையல் அறை, முன்னால் வேப்பமரம் நிற்கும் மண் வாசல். கத்திரி வெயில் வந்துவிட்டால் காலனியே அங்குதான் குடியிருக்கும். வீடுகளெல்லாம் சிமெண்ட் ஷீட் போட்டவை. பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே மனுஷன் இருக்க முடியாது. பாயும் தண்ணீர்க் குடமுமாக வந்து, ஹாலில் ஓடும் ஆறு ஃபேன்களையும் ஆறு கூட்டமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஜெபமாலை சொல்பவர்களும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர்களும் ஒரே ஃபேனுக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். இவர்களுக்கு நடுவில் அறுபத்து நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் என் பாட்டுக்காகத்தான் ஓடி வருகிறார்கள் என்று நான்கு நாள் நம்பினேன். பதினோரு மணிக்குக் கொடுக்கும் வேகவைத்த மல்லாட்டைக்காக, அதாவது வேர்க்கடலைக்காக வந்தார்கள் என்பது, மல்லாட்டை வராத ஐந்தாம் நாள் தெரிந்தது.

அம்மா இதற்குள் மீன்காரம்மா வரைக்கும் சொல்லிவிட்டாள். "ஜூன்ல இருந்து எங்க ஜெசி டீச்சரு." தையல் அறையில் உட்கார்ந்து முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் ஆறு தைத்தும் வைத்துவிட்டாள். டீச்சர் என்றால் அப்படித்தான் போட வேண்டுமாம்.

கடைசி நாளுக்கு நான் தேர்ந்தெடுத்த நாடகம் தாவீதும் கோலியாத்தும். தாவீதாக நடிக்கச் சரண்யா என்று ஒரு பெண் கிடைத்தாள். பத்து வயது, எவ்வளவு உயரத்தில் தொங்கும் மாங்காயாக இருந்தாலும் ஒரே கல். கோலியாத்துக்குத்தான் ஆள் இல்லை. ஒரு பையன் தோளில் இன்னொரு பையனை ஏற்றிப் போர்வை சுற்றிப் பார்த்தேன். கீழே இருந்தவன் தும்மினான். கோலியாத் இரண்டாகப் பிரிந்து விழுந்தான்.

அன்று மத்தியானம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை.

அம்மாவுக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கத்தில் கெடார். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள் அவள். அவளுடைய அண்ணன் ஏழுமலை மாமா வீட்டில் இன்றும் திரௌபதி அம்மன்தான். வெயில் காலத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும். கடைசி நாள் படுகளம். பெரிய மைதானத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரி செய்துவைப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து அவன் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். ஜனங்கள் 'கோவிந்தா' என்று குரல் கொடுத்துவிட்டு, அந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப்போய் வீட்டிலும் நிலத்திலும் வைப்பார்கள். நல்லது என்று நம்பிக்கை. அந்தத் துரியோதனனை அச்சு அசலாகச் செய்வதில் ஏழுமலை மாமாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவருக்கு போன் போட்டேன்.

"ராட்சசன்தானே பாப்பா? படுத்துக்கினு இருக்கணும், அடிச்சா சாவணும். அவ்ளோதானே? நீ போனை வெய்யி, நான் வர்றேன்" என்றார்.

வந்தார். சென்டர் வாசலுக்கு டிராக்டரில் ஏரி மண் வந்தது. கூட இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, இரண்டு நாள் வெயிலில் வெந்து இருபத்தைந்து அடி நீளத்துக்கு ஒருவனைப் படுக்க வைத்தார். முறுக்கு மீசை, உருட்டி விழித்த கண், ஜிகினா ஒட்டிய கிரீடம், கையில் கதாயுதம். கோலியாத்திடம் ஈட்டிதான் இருந்தது என்று நான் மெல்லச் சொன்னதற்கு, "எதுவா இருந்தா என்னா பாப்பா, அடி வாங்கப் போறவன்தானே" என்று முடித்துவிட்டார். சரண்யா மட்டும் அவனைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "படுத்துக்கினே எப்படிக்கா சண்டை போடுவான்?" என்று கேட்டாள். நிற்பதாகக் கற்பனை பண்ணிக்கொள்ளச் சொன்னேன். அறுபத்து நான்கு பேரில் சரியான கேள்வி கேட்ட ஒரே பிள்ளையை அப்படித்தான் வாயை அடைத்தேன்.

"மாமா, கல்லு பட்டதும் ரத்தம் வரணும். செவப்புத் தண்ணிப் பானை வெச்சிட்டீங்களா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா? எத்தினி வருசமா வெச்சிக்கினு இருக்கிறேன்."

எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் வரவேற்புத் தட்டியில் சிஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு சிஸ்டர் ஃப்ளாரன்ஸ் வந்து இறங்கினார். வெள்ளைச் சேலை, மடிப்பு கலையாத முகம். ஃபாதர், சிஸ்டர் இருவருக்கும் முன்வரிசையில் நாற்காலி. இன்னும் கிட்ட உட்கார்ந்தால் நன்றாகத் தெரியுமே என்று சிஸ்டர் நாற்காலியை நானே இரண்டடி முன்னால் நகர்த்திப் போட்டேன். பின்னால் காலனி முழுக்க, மாமா சொல்லிக் கெடாரிலிருந்து வேனில் வந்தவர்கள் வேறு.

பாட்டு நன்றாகப் போனது. சிஸ்டர் தலையாட்டினார். ஃபாதர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'பரவாயில்லையே' என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அந்த ஐந்து நிமிடம் நிச்சயமாக நம்பினேன்.

நாடகம் தொடங்கியது. கோலியாத்தின் குரலாக நான்தான் மைக்கில் உறுமினேன். சேலைகளால் கட்டிய திரையைப் பையன்கள் இழுத்தார்கள். படுத்திருந்த கோலியாத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு சத்தம். பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரண்யா கவணைச் சுழற்றினாள். கல் போய் நெற்றி நடுவில் 'டொக்' என்று பட்டது. ரத்தம் வரவில்லை. இரண்டாவது கல்லும் அதே இடத்தில் விழுந்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்றாவது கல்லும் வீணானதும் சரண்யா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்க ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஏழுமலை மாமா எழுந்தார். "பாப்பா! பானை தொடையில இருக்குது பாப்பா! மண்டையில அடிச்சா எப்படி வரும்?"

உடனே நாலா பக்கமும் பிடித்துக்கொண்டது. "தொடையில அடிம்மா!" "சோத்தாங்கால் தொடை!" "ஜல்தி அடி, பொழுது போவுது!" எல்லாருக்கும் மேலே ஒரு குரல், காலனியே அதிரும்படி, "சரண்யா, தொடையில அடி!" என்று கேட்டது. இந்த நேரத்தில் இப்படிக் கத்துவது யார் என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். மைக் என் கையில் இருந்தது.

சரண்யா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கவணைத் தூக்கி எறிந்தாள். ஆடு மேய்க்க வைத்திருந்த கோலை இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள் ஒரு போடு. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த மண் வெடித்துப் பானை உடைந்தது. மாமா தாராள மனசுக்காரர். ஒரு பானை வைக்கிற இடத்தில் மூன்று வைத்திருந்தார். சிவப்புத் தண்ணீர் பீறிக்கொண்டு வந்து, நான் இரண்டடி முன்னால் நகர்த்திப் போட்டிருந்த நாற்காலியைத் தேடிப் போய் விழுந்தது.

"கோவிந்தா! கோவிந்தா!"

மாதா படம் மாட்டிய எங்கள் சென்டர் வாசலில் நானூறு பேர் ஒரே குரலில். ஜெபமாலைச் சங்கத்துத் தலைவி உட்பட. பிறகு ஜனங்கள் கோலியாத்தின் மேல் பாய்ந்தார்கள். முந்தானையில், துண்டில், டிபன் டப்பாவில் மண்ணை அள்ளினார்கள். ஒருத்தர் மீசையைப் பெயர்த்துக்கொண்டு போனார். ஃபாதர் இரண்டு கையையும் தூக்கி, "மக்களே, அமைதி, இது கோலியாத்து, இது கோலியாத்து" என்று கெஞ்சினார். "அவனாத்தான் இருக்கட்டுமே சாமி, கொஞ்சம் நவுருங்க" என்று ஒரு கிழவர் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

கூட்டம் கலைந்தபோது கோலியாத்தின் கால் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். முந்தானை நிறைய மண். என் அம்மா.

"ஏன்டி அப்படிப் பாக்குற? உன் வேலைக்குத்தான்டி எடுத்தேன்" என்றாள்.

சிஸ்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"ஜெசிந்தா, நீங்க என்ன மேஜர்?"

"ஹிஸ்டரி, சிஸ்டர்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு 'ம்'மோடு எல்லாம் முடிந்துபோனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதேன். மாமா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். வெயிலில் முதுகுத் தோல் உரிந்திருந்தது.

"என்னா பாப்பா அழுவுற? நல்லாத்தானே இருந்துச்சி? கெடார்லகூட இந்த வருசம் இவ்ளோ ஜனம் வர்ல." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். திட்டவும் முடியவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. "நல்லா இருந்துச்சி மாமா" என்றேன். அன்று நான் சொன்னவற்றில் மிகக் கஷ்டமானது அதுதான்.

ஜூன் வந்தது. வேலைக்கு வளவனூரிலிருந்து வேறொரு பெண் வந்து சேர்ந்தாள். அடுத்த ஜூனிலும் அதற்கடுத்த ஜூனிலும் வேறு வேறு பள்ளிகளுக்கு எழுதிப் போட்டேன், தகுதித் தேர்வு எழுதினேன், பயன் இல்லை. பிறகு கல்யாணம், குழந்தை. இன்று பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் கம்ப்யூட்டரில் கிரயப் பத்திரம் அடிக்கிறேன். வீட்டில் யாரும் அந்த நாளை மறக்கவில்லை. மிக்ஸி ஓடாவிட்டால், வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், டிவியில் படம் வராவிட்டால் யாராவது ஒருவர் மைக் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, "சரண்யா, தொடையில அடி!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அதே பங்குப் பள்ளிதான். நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே அந்த வளவனூர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மறைக்கல்வித் தாளையும் அவர்தான் திருத்துகிறாராம். தாளை என் பக்கம் திருப்பினார். 'தாவீது கோலியாத்தை எவ்வாறு வென்றான்?' என்ற கேள்விக்குக் கீழே, என் மகளின் உருண்டை உருண்டையான எழுத்து: 'தொடையில் அடித்தான். சிவப்புத் தண்ணீர் வந்தது. மக்கள் கோவிந்தா என்றனர்.' பக்கத்தில் பூஜ்யம்.

"அடிச்சிட்டுச் சரியா எழுதுன்னு சொன்னேங்க. எழுதவே மாட்டேங்குது. அதுதான் சரின்னு சாதிக்குது. யாருங்க இதுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்றார் டீச்சர்.

"எங்கம்மாதான் டீச்சர்" என்றாள் என் மகள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "சென்டர்ல நடத்துனாங்க. ஆயா, தாத்தா, எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

அந்தப் பள்ளியை நினைத்துக்கொண்டு நான் நடத்திய ஒரே பாடம் அது. ஊரே இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறது.

டீச்சருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. முகம் மலர்ந்து, "அப்படிங்களா? நீங்களும் டீச்சருங்களா?" என்று கேட்டார்.

என் மகள்தான் பதில் சொன்னாள்.

"ஆமா டீச்சர். பத்து நாளு."